செட்டியாரின் கரண்டு வகுப்பு

"சிவப்பு வயரு வீட்டுக்குள்ள வருது. பல்புக்குப் போகுது. பல்பு எரியுது. இன்னிக்குப் பாடம் அவ்வளவுதான்" என்று சொல்லி வள்ளியப்பன் சாக்பீஸை மேசைமேல் வைத்தார்.

பெஞ்சுகளில் இருந்த ஒன்பது மாணவர்களும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் இருந்த தோமஸ் கையைத் தூக்கினார். அவருக்கே நாற்பது வயதிருக்கும்.

"செட்டியாரே, அப்ப கறுப்பு வயரு எதுக்கு?"

"அது... சிவப்புக்கு ஒரு துணைக்கு."

"போன கரண்டு திரும்பி வர வேணாமா?"

"போனது எதுக்குய்யா திரும்பி வரணும்?"

ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதத்தான் நாளைக்குப் பாடமா வச்சிருக்கேன்" என்று வள்ளியப்பன் சமாளித்தார்.

உண்மையைச் சொன்னால், வள்ளியப்பன் குளுவாங் ஊரில் செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். மின்சாரத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே உறவு, வீட்டில் ஒருமுறை பல்பு மாற்றியது. அதிலும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஏறி மாட்டியது மனைவி நாச்சியம்மை.

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. கைத்தொழில் தெரியாதவனை எல்லாம் லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புகிறான், போனவன் திரும்புவதில்லை என்று மார்க்கெட்டில் பேச்சு. வள்ளியப்பனுக்குத் தூக்கம் போயிற்று. ஜப்பான் ஆபீசில் பேர் பதியப் போனபோது, தொழில் என்ற இடத்தில் துணிந்து 'வயர்மேன்' என்று எழுதிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். கையெழுத்து அழகாக விழுந்த சந்தோஷத்தில் முன்னால் 'கைதேர்ந்த' என்று ஒரு வார்த்தையையும் சேர்த்தார்.

மூன்றாம் நாள் அதிகாரி நகமுரா கூப்பிட்டனுப்பி, ஒன்பது பேரைக் காட்டி, "இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வீட்டுக்கு வயர் இழுக்கக் கத்துக் குடு" என்று உடைந்த மலாயில் உத்தரவு போட்டுவிட்டார்.

மறுநாள், கேள்விகளிலிருந்து தப்பிக்க வள்ளியப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். வாயைத் திறந்தால்தானே வம்பு? இன்று செய்துகாட்டுவது மட்டும்தான்.

சுவரில் ஒரு பல்பை மாட்டினார். சுவிட்சை எடுத்து, சிவப்புக்கு ஒரு முனை, கறுப்புக்கு ஒரு முனை என்று பாரபட்சம் இல்லாமல் கொடுத்தார்.

"செட்டியாரே, அப்படிக் குடுத்தா..." என்று ஆரம்பித்தார் பின்பெஞ்சு ஐயாசாமி.

"வாத்தியாரு நானா நீயா?"

சுவிட்சைப் போட்டார். டப்பென்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் நகமுராவின் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்த விசிறியும் நின்றது. அடுத்த நிமிஷம் நகமுராவே வாசலில் நின்றார்.

"அலமாக், போச்சுடா!" என்றார் ஐயாசாமி மெதுவாக.

தோமஸ்தான் எழுந்து குனிந்து வணங்கி, "பியூஸ் எப்படிப் போகும்னு செட்டியாரு செஞ்சு காட்டினாருங்க" என்றார்.

"பாகுஸ்! ரொம்ப நல்லது!" என்று நகமுரா தலையாட்டினார். "நாளைக்கு ரெண்டு பல்பு எரியணும். நான் வந்து பார்ப்பேன்."

ரெண்டு பல்புக்கும் தனித்தனியாக வயர் இழுப்பது வீண்செலவு என்று வள்ளியப்பனுக்குத் தோன்றியது. ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் கோத்தார். இரண்டும் எரிந்தன. ஆனால் எரிகின்றனவா என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

நகமுராவின் புருவம் ஏறியது.

"இருட்டடிப்புக் காலம் பாருங்க" என்றார் வள்ளியப்பன், பயத்தில் வந்த புத்தியோடு. "மேல பறக்குற பிளேனுக்குத் தெரியக் கூடாதுல்ல?"

நகமுராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு கெட்டிக்காரர் இருக்கும்போது என்ன கவலை என்று, தான் குடிபோகும் பங்களா முழுவதற்கும் வயர் இழுக்கச் சொன்னார். எட்டு பல்பு. ஆனால் இவை பளிச்சென்று எரிய வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் எரியாவிட்டால் செட்டியாருக்குச் சயாம்.

வீட்டில் வள்ளியப்பன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"தெரியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள் நாச்சியம்மை.

"சொன்னா உடனே லாரி. சொல்லலைன்னா வெள்ளிக்கிழமை லாரி. ரெண்டு நாளாச்சும் மிச்சம்ல, ஆச்சி."

பங்களாவில் நடந்ததுதான் அதிசயம். வள்ளியப்பன் இடது பக்கம் கையைக் காட்டினால் மாணவர்கள் "சரி, செட்டியாரே" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வலது பக்கம் வயர் இழுத்தார்கள். ஐயாசாமி ஏணியில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டே, கையைப் பார்க்காமல் வயரை முறுக்கினார். தோமஸ் பியூஸ் பெட்டியை மாட்டிவிட்டு, "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன்" என்றார். சொன்னதாக வள்ளியப்பனுக்கு ஞாபகமில்லை.

ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்தது. ஒரே வாரத்தில் ஒன்றும் தெரியாத ஒன்பது பேரை இப்படி ஆக்கிவிட்டோமே! கடிதம் எழுதி வயதை வீணாக்கிவிட்டோமோ என்றுகூட நினைத்தார்.

வெள்ளிக்கிழமை நகமுரா சுவிட்சுகளைப் போட்டார். எட்டு பல்பும் பளிச்சென்று எரிந்தன. வள்ளியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. உயிர் பிழைத்தாயிற்று.

நகமுரா அவர் முன்னால் இடுப்புவரை குனிந்து வணங்கினார்.

"பாகுஸ்! உன்னை மாதிரி ஆள்தான் வேணும். சயாம் முகாமுல வெளிச்சம் இல்லை. திங்கட்கிழமை லாரி வரும். இவங்க புதுசா கத்துக்கிட்டவங்க, இங்கேயே இருக்கட்டும்."

வள்ளியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க! சத்தியமாத் தெரியாது!"

"பெரிய மனுஷனுக்கு அடக்கம்!" என்று நகமுரா தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

வள்ளியப்பன் ஓடிப்போய்த் தோமஸ் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னா நம்ப மாட்டேங்குறான். எனக்கு இந்த வேலை தெரியாதுன்னு நீங்களாச்சும் போய்ச் சொல்லுங்கய்யா!"

தோமஸ் மற்ற எட்டுப் பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாங்க ஒம்பது பேருமே பழைய வயர்மேனுங்க, செட்டியாரே. வேலை தெரிஞ்சவனைத்தான் சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போறான்னு, ஒண்ணும் தெரியாது, கத்துக்குறோம்னு எழுதிக் குடுத்துட்டு உக்காந்திருக்கோம். நீங்க எதுக்குத் தெரியும்னு எழுதிக் குடுத்தீங்க?"