மல்லாந்த பயிற்சி

இனிமேல் தன் மூச்சு தன் சொல்பேச்சைக் கேட்டே ஆக வேண்டும் என்று தையற்காரர் முடிவெடுத்தார்.

குரல் அவருக்கு ஆண்டவன் அள்ளிக் கொடுத்தது. முதுகுதான் தையல் மிஷின் கொடுத்தது. காலமெல்லாம் துணிமேல் குனிந்தவர், ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தாலும் அதற்குப் பட்டன் தைக்கப் போகிறவர் போலக் குனிந்துகொள்வார். இடது கை துருத்தியை அசைக்கும், வலது கை கட்டைகளில் ஓடும், நடுவில் வயிறு மடிந்து நசுங்கும். பாட்டின் கடைசி அடி வரும்போது பெட்டியில் காற்று இருக்கும். பாடுகிறவரிடம் இருக்காது.

பாட்டுக்குழு மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "நிமிர்ந்து உட்காருங்க. தோளைத் தூக்காம, வயிறு விரியற மாதிரி மூச்சை வாங்குங்க. கடைசி அடியை ஒரே மூச்சுல பாடிட்டா, ஆண்டு விழாவுல தனிப்பாட்டு உங்களுக்கு. இல்லேன்னா தபால்காரருக்கு."

தபால்காரர் எதிர்வீடு. கிடாரை மாட்டிக்கொண்டு கொடிமரம் மாதிரி நின்று பாடுகிறவர். அவர் பாட, தான் கீழே உட்கார்ந்து கைதட்டுவதா? நினைக்கும்போதே தையற்காரருக்கு இருந்த மூச்சும் நின்றது.

வீட்டுக்கு வந்தால், மனைவி வாளியும் துணியுமாக நின்றாள். விடுமுறைக்கு மகளும் மருமகனும் வருகிறார்கள். ஒரு ஜன்னல்கூட இன்னும் துடைத்தபாடில்லை. வாளியைக் கண்டதும் அவர் மூளை சுறுசுறுப்பானது.

"மாஸ்டர் பயிற்சி குடுத்திருக்காரு. சாப்பிட்டதும் மல்லாந்து படுத்து, வயித்து மேல கனமான புத்தகத்தை வச்சு, அது ஏறி இறங்க மூச்சு விடணுமாம்."

"சரிங்க."

"வீட்டு வேலை பக்கமே போகக் கூடாதாம். மூச்சு சிதறிடுமாம்."

"மாஸ்டரே சொன்னாரா?"

"பின்ன, நானா சொல்றேன்?"

"அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். அவரு பேச்சை நாம தட்டக் கூடாது."

இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம். அகராதியை வயிற்றில் ஏற்றிக்கொண்டு படுத்தார். அகராதி ஏறியது, இறங்கியது. கொஞ்ச நேரத்தில் குறட்டையும் அதற்குத் தாளம் போட்டது. மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். கண்ணை மூடி ஆண்டவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

திரும்பி வந்து சொன்னாள். "வழியில மாஸ்டரைப் பார்த்தேங்க."

தையற்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சொன்னாரு?"

"படுத்துக்கிட்டுச் செய்யறது சின்னப் பிள்ளைங்க பயிற்சியாம். உங்க குரலுக்கு அது பத்தாதாம். கையை உயரத் தூக்கி ஜன்னலைத் துடைச்சுக்கிட்டே பாடணுமாம். விலா விரியுமாம்."

"மாஸ்டரா சொன்னாரு?"

"பின்ன, நானா சொல்றேன்?"

பச்சைப் பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால், 'வாங்க, ரெண்டு பேருமாப் போய்க் கேட்டுடலாம்' என்பாள். போனால் அகராதியின் குட்டும் சேர்ந்து உடையும். துணியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார்.

அன்றிலிருந்து மாஸ்டர் அவள் வாயிலாக ஓயாமல் பேசினார். தோள் தூக்காமல் இருக்க இரண்டு கையிலும் நிறைவாளி சுமக்க வேண்டுமாம். இடுப்பு இளக முட்டிபோட்டுத் தரை தேய்க்க வேண்டுமாம். வீட்டில் எங்கெல்லாம் அழுக்கு இருந்ததோ, அங்கெல்லாம் மாஸ்டரின் பயிற்சி இருந்தது.

"கடைசி அடியைப் பாடுங்க. நடுவுல மூச்சு வாங்கினா அந்தக் கண்ணாடியை மறுபடி முதல்லேர்ந்து துடைக்கணும்."

எதிர்வீட்டிலிருந்து தபால்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன மாமா, ஜன்னலுக்குக் கச்சேரியா?"

"மூச்சுப் பயிற்சி மாப்ளே. உனக்கெல்லாம் புரியாது."

விழாவுக்கு முன் மாஸ்டர் பாடச் சொல்லிக் கேட்டார். ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்த தையற்காரருக்குக் குனியவே முடியவில்லை, இடுப்பு அப்படி வலித்தது. நிமிர்ந்தே பாடினார். வயிறு தாராளமாக விரிந்தது, தோள் அசையவில்லை. கடைசி அடி ஒரே மூச்சில் நூல் பிடித்தாற்போலப் போய் முடிந்தது. தனிப்பாட்டு அவருக்கே. விழாவில் தபால்காரர்தான் முதலில் எழுந்து கைதட்டினார்.

கழுத்து மாலையோடு வீட்டுக்கு வந்தவருக்குத் தைரியமும் கூடவே வந்தது. "இப்பச் சொல்றேன் கேளு. மாஸ்டர் உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலை."

"ஆமாங்க, சொல்லலை."

"அப்போ அத்தனையும் பொய்?"

"நீங்க படுத்துக்கிட்டு ஒண்ணு சொன்னீங்க. நான் நின்னுக்கிட்டு ஒண்ணு சொன்னேன்."

அவர் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "போகட்டும். விழா முடிஞ்சுது. இனிமே பயிற்சியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"அது எப்படிங்க? இவரு முதுகு எப்படி நிமிர்ந்துதுன்னு இன்னிக்கு விழாவுல மாஸ்டர் கேட்டாரு. நான் நடந்ததை அப்படியே சொல்லிட்டேன்."

"அகராதியையுமா?"

"அதையும்தான். விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம், ஒரு நாள்கூட விடாம இப்படியே செய்யச் சொல்லுங்கம்மான்னாரு." அவள் வாளியை அவர் பக்கம் நகர்த்தினாள். "இதை நிஜமாவே மாஸ்டர்தாங்க சொன்னாரு."