என் உள்மனசுக்கு நாலு ஊசி

என் மச்சினனை வீட்டைவிட்டுக் கிளப்பியே தீருவது என்று முடிவெடுத்தேன். நேருக்கு நேர் சொல்லி அல்ல. அதற்குத் தைரியம் வேண்டும். என்னிடம் இருப்பது மூளைதான். அதையும் என் கால் கட்டைவிரல் வழியாகத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது.

மச்சினன் பெயர் ஷ்யாம்சுந்தர். என் மனைவி தனக்கோடியின் தம்பி. கோவிலம்பாக்கத்தில் அவன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்களாம், வாடை ஒத்துக்கொள்ளவில்லையாம். "பத்து நாள் இருந்துட்டுப் போறேன் மாமா" என்று இரும்புலியூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். நாலு மாதம் ஆகிறது. நாலு மாதத்தில் பல்லாவரம் மலைக்கே ரெண்டு கோட் அடித்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் ஏசி இருப்பது ஒரே ஒரு ரூமில். அதில் ஷ்யாம், கதவைச் சாத்திக்கொண்டு, லேப்டாப்பில் வேலை பார்க்கிறான். நானும் தனக்கோடியும் ஹாலில். பெண் பார்த்தபோது, பெயரிலேயே கோடி இருக்கிறதே என்று பூரித்துப் போனேன். இருபத்தெட்டு வருஷம் கழித்து எனக்குக் கிடைத்தது ஹாலில் ஒரு கோடி. அதுவும் ஃபேன் காற்று வராத கோடி.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. பல தடவை கதவைத் தட்டி, "ஷ்யாம், நீ எப்போ..." என்று கம்பீரமாக ஆரம்பித்திருக்கிறேன். "...காபி சாப்பிடுவே?" என்று முடிந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் என் கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து தொலைத்தது. திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் நான் சூப்பர்வைசர். நாள் முழுக்க இரும்பு மூக்கு வைத்த ஷூ. அது அழுத்தி அழுத்தி, நகம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே போய்விட்டது. மரத்துப்போக ஊசி போட்டு நகத்தின் ஓரத்தை எடுத்துவிடலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எனக்குக் காதில் விழுந்தது 'ஊசி' மட்டும்தான்.

பட்டறையில் பதினைந்து பேர் என்னைப் பார்த்து நடுங்குகிறார்கள். நான் ஊசியைப் பார்த்து நடுங்குகிறேன். சுகர் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுங்கள் என்று தனக்கோடி மூன்று வருஷமாகக் கேட்கிறாள். முதல் வருஷம் ஆடி மாசம் என்றேன். அடுத்த வருஷம் ஆடிட் மாசம் என்றேன். இந்த வருஷம் காது கேட்கவில்லை என்றேன்.

வழி காட்டியவர் மாடியில் குடியிருக்கும் ஜெரோம்.

"இன்னா சார் நொண்டிகினு வர்றீங்க? சேலையூர்ல ஜெனி டாக்டர்னு ஒர்த்தங்க கீறாங்க. ஹிப்னாடிசம் பண்ணி வுட்டுத்தான் கத்தியே எடுப்பாங்க. எனக்குக் கழுத்துல கட்டி எடுத்தாங்க, ஒரு பேஜாரும் இல்ல."

"மயங்கிடுவோமா?"

"உள்மனசு தொறந்துக்கும் சார். நான் இன்னா பேசினேன்னு எனக்கே தெரியல. வெளிய வந்ததும் என் சம்சாரம் மொறைச்சா பாருங்க, அப்பதான் தெரிஞ்சுது. நெறைய பேசிக்கிறேன்னு."

என் மூளையில் ட்யூப் லைட் எரிந்தது. நான் சொன்னால் சண்டை. என் உள்மனசு சொன்னால்? அது டாக்டர் முன்னால் வெளிவந்த உண்மை! அதோடு யார் சண்டை போட முடியும்? பக்கத்தில் தனக்கோடி உட்கார்ந்திருப்பாள். நான் மயங்கினதுபோல் நடிப்பேன். ஷ்யாம் பெட்டியைக் கட்டுவான்.

மறுநாளே சேலையூர் போனோம். ஜெனி டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாக விளக்கினார்.

"சினிமால காட்டுற மாதிரி இல்ல சார். நீங்க தூங்க மாட்டீங்க. நான் பேசுறதெல்லாம் கேக்கும். வேணாம்னு தோணினா வேணாம்னு சொல்லலாம். பயம் குறையும், அதனால வலியும் குறைவா தெரியும். அவ்ளோதான்."

"அப்போ ஊசி இல்லையே?"

"ஊசி உண்டு சார். விரலுக்கு ரெண்டு பக்கமும்."

ஜெரோம் இதைச் சொல்லவே இல்லை. எழுந்து ஓடலாம் என்றால் கால் ஒத்துழைக்கவில்லை. தனக்கோடி வேறு கதவுப் பக்கமாகவே நாற்காலியைப் போட்டிருந்தாள்.

படுத்தேன். கண்ணை மூடினேன்.

"மூச்சை மெதுவா விடுங்க. கால் கனமாகுது... உங்களுக்குப் பிடிச்ச ஒரு இடத்துக்குப் போங்க. கடற்கரையா இருக்கலாம், மலையா இருக்கலாம். எங்க இருக்கீங்க?"

இதுதான் சமயம். குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இறக்கினேன்.

"என்... பெட்ரூம்ல..."

"சரி. அங்க என்ன தெரியுது?"

"ஷ்யாம்... தெரியறான்... அவன் போகணும்... கோவிலம்பாக்கம் போகணும்..."

நாற்காலி நகர்ந்தது. காதருகே தனக்கோடியின் குரல். தேன் குழைத்த குரல். கல்யாணமான புதிதில் கேட்டது.

"ஏங்க... உங்க உள்மனசுதானே பேசுது?"

"ஆமா..."

"அப்படின்னா ரொம்ப ஆழத்துல இருக்கீங்க, இல்ல?"

"அடி... ஆழத்துல..."

"அவ்வளவு ஆழத்துல ஊசி குத்தினா தெரியாதே?"

இந்தக் கேள்விக்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. தெரியும் என்றால் மயக்கம் பொய். மயக்கம் பொய் என்றால் உள்மனசும் பொய். ஷ்யாம் ரூமிலேயே இருப்பான்.

"தெரி...யாது."

"டாக்டர், இவரு மூணு வருஷமா சுகருக்கு ரத்தம் எடுக்க விடல. டெட்டனஸ் ஊசியும் பாக்கி. இப்பவே எல்லாத்தையும் முடிச்சிடலாமா?"

"அவர் சம்மதம் வேணும்மா" என்றார் டாக்டர். "சார், உங்களுக்குச் சம்மதம்னா மட்டும் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்குங்க."

விரல் படுக்கையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"தூக்கலைன்னா மயக்கம் தெளிஞ்சிருச்சுன்னு அர்த்தமா டாக்டர்?" என்று கேட்டாள் தனக்கோடி.

"சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணும்..."

அவர் முடிப்பதற்குள் என் விரல் கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

முதல் ஊசி கட்டைவிரலுக்கு இந்தப் பக்கம். ரெண்டாவது அந்தப் பக்கம். என் உயிர் கால் வழியாக இறங்கி, தாம்பரம் ஸ்டேஷன் வரை போய்விட்டு வந்தது. முகத்தில் மட்டும் புன்னகை. மூன்றாவது தோளில். நாலாவது முழங்கை மடிப்பில். அங்கே நரம்பு கிடைக்காமல் தேடினார் டாக்டர். என்னைவிடப் புத்திசாலி நரம்பு, ஒளிந்துகொண்டது.

"டாக்டர், கண்ணுல தண்ணி வருது" என்றாள் தனக்கோடி.

"சில பேருக்கு வரும்மா."

"ஆனந்தக் கண்ணீர்" என்று என் உள்மனசு முனகியது.

இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், நகத்தை எடுத்தது எனக்குத் தெரியவே இல்லை. டாக்டர் அவ்வளவு நேரமும் இதமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார். மூச்சை விடு என்றபோது விட்டிருந்தால், கடற்கரைக்குப் போ என்றபோது ஒழுங்காகப் போயிருந்தால், அந்த நாலு ஊசியும்கூட அவ்வளவு தெரிந்திருக்காதாம். நான் எங்கே கேட்டேன்? நடிப்பில் மும்முரமாக இருந்தேன்.

ஆட்டோவில் வரும்போது மெதுவாக ஆழம் பார்த்தேன்.

"உள்ள நான் ஏதாவது பேசினேனா?"

"ஒண்ணும் ஞாபகம் இல்லையா?"

"சுத்தமா இல்ல."

"அதுவும் நல்லதுக்குத்தான்" என்று சாலையைப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நொண்டியபடி நுழைந்தேன். ஏசி ரூம் கதவு திறந்திருந்தது. கட்டிலில் புது விரிப்பு. லேப்டாப் இல்லை, பெட்டி இல்லை, ஷ்யாம் இல்லை! நாலு ஊசியும் ஒரே நொடியில் ஆறிப்போயின. கட்டிலில் உட்கார்ந்து, முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"ஐயோ, ஷ்யாம் எங்க?"

"கிளம்பிட்டான்."

"ஏன்? கிளினிக்ல நான் அவன் போகணும்னு சொன்னதுக்காகவா?"

வாயைவிட்டு வார்த்தை போன பிறகுதான் உறைத்தது. தனக்கோடி இடுப்பில் கையை வைத்தாள்.

"சுத்தமா ஞாபகம் இல்லைன்னீங்க?"

நான் விரிப்பின் பூக்களைப் பார்த்தேன்.

"இருபத்தெட்டு வருஷமா பக்கத்துல படுக்கிறேன். நீங்க நிஜமா மனசு அடங்கிக் கண்ணை மூடினா மூணாவது நிமிஷம் குறட்டை வரும். அங்க குறட்டை எங்க? வசனம்ல வந்துச்சு! எனக்கு மட்டும் ஹால்ல படுக்க ஆசையா? அக்கா போகச் சொன்னா அவன் அழுவான். மாமா சொன்னா மறுபேச்சு பேசாம போயிருப்பான். நாலு மாசமா உங்க வாயையே பாத்துட்டு இருந்தேன். காபிதான் வந்துச்சு."

"சரி, தப்புதான். எப்படியோ என் உள்மனசு சொல்லித்தானே அவன் போனான்?"

தனக்கோடி ஏசி ரிமோட்டை எடுத்து, நிதானமாகப் பதினெட்டில் வைத்தாள்.

"பெயின்ட் வேலை முடிஞ்சுதுன்னு அவன் நேத்தே பெட்டி கட்டிட்டான். அதைச் சொல்லத்தான் கிளினிக்ல நான் வாயைத் திறந்தேன், அதுக்குள்ள நீங்க உள்மனசைத் திறந்துட்டீங்க."