ஆணி அக்கா லீவு எடுத்த கதை

கடன் வாங்கியவர்கள் பேங்கைப் பார்த்துப் பயப்படுவதுதான் உலக வழக்கம். எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் கோல சிலாங்கூரில் மட்டும், ஒரு பேங்க் ஒரு பெண்ணைப் பார்த்துப் பயந்தது. அவர் தெருமுனையில் திரும்புவதைக் கண்டாலே வாசலில் நிற்கும் காவலாளி பெல்ட்டை இறுக்கிக்கொள்வார். அவர்தான் ஆணி அக்கா.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் வரிசையில் யாருக்கும் தெரியாது. வரிசை என்றால் ஒட்டி ஒட்டிக் கட்டிய மலிவு விலை வீடுகள். அக்காவும், அவர் கணவரும் பேங்கில் கடன் வாங்கி அங்கே ஒரு வீடு வாங்கியிருந்தார்கள். கணவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். அவரை மாமா என்போம். வாயைத் திறந்தால் பெட்ரோல் செலவாகும் என்பதுபோல் இருப்பார். பக்கத்து வீட்டில் நான் வாடகைக்கு இருந்தேன்.

அக்கா எஸ்டேட் நிர்வாகம் கொடுத்த லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அங்கே சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வேலை வாங்கும் மண்டோர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் சொந்த வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றே கடைக்குப் போய் ஆணியும் சுத்தியலும் வாங்கி வந்து, கூடம், அறை, அடுப்படி என்று பாரபட்சம் பார்க்காமல் அடித்தார். மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆணிதான் இருந்தது.

"எதுக்குக்கா இத்தன ஆணி?" என்று கேட்டேன்.

"அடிக்கலாம்ல தம்பி. அதுக்குத்தான்."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் பிஸ்கட் கனம். ஒரு நாள் என் தலையணைக்கு மேலே ஓர் ஆணியின் மூக்கு எட்டிப் பார்த்தது. முறையிடப் போனேன்.

"அக்கா, உங்க ஆணி என் பக்கம் வந்துருச்சு."

"அப்படியா? சட்டய மாட்டிக்க லா. வாடக வேணாம்."

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது நாட்டில் தொழில் படுத்தது. அக்கா வேலை செய்த மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை நாளைப் பாதியாகக் குறைத்தார்கள். மாமாவின் முதலாளி இருந்த இரண்டு லோரியில் ஒன்றை விற்றார். விற்றது மாமா ஓட்டியது. மாதத் தவணை கட்ட வழியில்லாமல் அக்கா பேங்குக்குக் கிளம்பினார். மலாய், இங்கிலீஷ் எல்லாம் பேசுவதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த கடன் அதிகாரியோ கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழ்ப் பையன். எனக்கு வேலையே இல்லை.

"கவலப்படாதீங்க அக்கா. ஆறு மாசம் நீங்க எதுவும் கட்ட வேண்டாம். இதுக்குப் பேரு பேமெண்ட் ஹாலிடே."

"ஹாலிடேன்னா லீவா?"

"ஆமா, லீவுதான்."

"சம்பளம் உள்ள லீவா, சம்பளம் இல்லாத லீவா?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு லீவு என்றால் முதலில் வரும் கேள்வி அதுதான் என்பது அவருக்குத் தெரியாது. பிறகு வட்டியைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அக்கா அதற்குள் கையெழுத்துப் போட்டு எழுந்து, காவலாளிக்குக் கைகொடுத்து, வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் அவர் எடுத்ததுதான் லீவு. வரிசை முழுவதற்கும் பாயசம் கொடுத்தார். தவணை நாள் வந்தபோது நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, மாமாவையும் இழுத்துக்கொண்டு மெலாவத்தி குன்றில் ஏறி, குரங்குகளுக்குக் கடலை போட்டார். இறங்கும் வழியில் பேங்குக்கு எதிரே இருந்த கடையில் உட்கார்ந்து, கண்ணாடிக் கதவுக்குள் எல்லாரும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணீர் குடித்தார். ஒவ்வொரு தவணை நாளும் இதே ஊர்வலம்தான். வரிசையில் வேறு சில குடும்பங்களும் அக்காவைப் பார்த்து ஆசைப்பட்டு லீவு எடுத்தன.

லீவு முடிந்தது. அக்கா பழைய தவணையை எண்ணி எடுத்துக்கொண்டு போனார். நானும் போனேன். அந்தப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, இனிமே தவண கொஞ்சம் கூட."

"எதுக்கு?"

"லீவுல நீங்க கட்டாத வட்டி அசலோட சேந்துருச்சு. இப்ப அதுக்கும் வட்டி."

அக்கா நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். "நான்தானே லீவுல இருந்தேன். வட்டி இல்லயா?"

"வட்டிக்கு லீவு கிடையாது அக்கா."

"அப்ப நான் கொரங்குக்குக் கடல போட்டுக்கிட்டு இருந்தப்ப அது ஓவர்டைம் செஞ்சிருக்கு."

அதிகாரி தலையாட்டினார். அடுத்ததையும் சொன்னார். கூட்டிய தவணையைத் தொடர்ந்து கட்டாமல் விட்டால் நோட்டீஸ் வரும். அதன் பிறகு வீடு ஏலத்துக்குப் போகும். தொழிற்சாலை இன்னும் பாதி நாள்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாமா கிடைத்த லோரியில் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி நடந்தோம். ஆற்றுப்பாலம் தெரியும் இடத்துக்கு வந்ததும் அக்கா நின்றார்.

"எங்கப்பா எஸ்டேட்ல ரப்பரு பால் மரம் வெட்டுனவரு. கண்ணு மங்கிப் போச்சு. கண்ணு இல்லன்னா வேல இல்ல, வேல இல்லன்னா லயம் இல்லன்னு மண்டோரு சொல்லிட்டான். அடுப்புல சோறு கொதிச்சிக்கிட்டு இருந்துச்சு தம்பி. எங்கம்மா பானையைத் துணியில சுத்தி மடியில வச்சிக்கிட்டு லோரில ஏறுனாங்க. தொட சுட்டுப் போச்சு." கொஞ்ச தூரம் நடந்து, "இன்னொரு தடவ ஏற மாட்டேன்" என்றார்.

மறுநாள் முதல் போர் தொடங்கியது.

அக்கா எண்ணி வைத்த அதே பழைய தவணையை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனார். கூட்டிய தவணை முழுதாக இல்லாமல் வாங்க முடியாது என்றார்கள். சரி என்று சொல்லி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தார். வேலை இல்லாத நாளெல்லாம் பேங்க் திறக்கும்போது போவார், கவுண்டரில் நீட்டுவார், மறுப்பார்கள், உட்காருவார். நடுப்பகலில் அடுக்குச்சட்டியைத் திறப்பார். பெரும்பாலும் கருவாட்டுக் குழம்பு. குளிர்சாதன அறையில் கருவாட்டுக் குழம்பு என்ன செய்யும் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. காசு மாற்ற வந்த, கடை முதலாளியான ஒரு சீனத் தவ்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, பிறகு கையை எடுத்துவிட்டு, என்ன மீன் என்று கேட்டுவிட்டுப் போனார்.

பேங்குக்குக் கருவாட்டைவிடக் காரமாக இருந்தது அக்காவின் வாய். கடன் மேசைக்குப் போகிறவர்களை எல்லாம் நிறுத்துவார்.

"லீவு எடுக்க வந்தியா தம்பி? எடு. வேற வழி இல்லன்னா எடுத்துத்தான் ஆகணும். ஆனா வட்டி எங்க போகுதுன்னு கேட்டுட்டு எடு. நான் கேக்கல."

லீவு எடுத்த மற்றக் குடும்பங்களையும் வரச்சொல்லி வீடு வீடாகக் கூப்பிட்டார். பேங்கில் போய் உட்கார வெட்கப்பட்டார்கள். "கடன்ல வெக்கப்பட என்னா இருக்கு? வாங்குறப்ப சிரிச்சிக்கிட்டுத்தானே வாங்குனோம்" என்று அக்கா அதட்டினார். இரண்டு பெண்கள் மட்டும் வந்து அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார்கள். ஒரு குடும்பம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டை விட்டுவிட்டு, கலும்பாங் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. அந்தப் பூட்டிய வீட்டைத் தாண்டும்போதெல்லாம் அக்கா வேகமாக நடப்பார்.

கடைசியில் மேனேஜரே அறையை விட்டு வெளியே வந்தார். ஓய்வு பெறும் வயதிலிருந்த மலாய்க்காரர். என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். அக்கா என்னை மொழிபெயர்க்க விடவில்லை. எழுந்து நின்று, தெரிந்த மலாயில் தெளிவாகச் சொன்னார்.

"சாயா மாவ் பாயார். டியா தா மாவ் அம்பில்."

நான் கட்டப் போகிறேன் என்கிறேன், இவர் வாங்க மாட்டேன் என்கிறார். இவ்வளவுதான் முறையீடு. மேனேஜர் தலையைத் தடவிக்கொண்டார். கட்ட முடியாது என்று அழுதவர்களைத்தான் அவர் அதுவரை பார்த்திருந்தார். வாங்கிக்கொள் என்று சண்டை போட்டவரைப் பார்த்ததில்லை. மூன்று பெண்களையும் உள்ளே அழைத்தார்.

முதல் ஒரு வருடம் தவணையைக் குறைப்பது, கடன் முடியும் காலத்தை நீட்டித் தருவது என்று தீர்வானது. அதிகாரிப் பையன் இம்முறை உடனே பேனாவைக் கொடுக்கவில்லை.

"அக்கா, இந்தத் தடவ உக்காந்து கேளுங்க. மாசம் குறைவா கட்டுவீங்க. ஆனா ரொம்ப வருசம் கட்டுவீங்க. கூட்டிப் பாத்தா இப்ப விட அதிகமாத்தான் கட்டியிருப்பீங்க."

"வீட்ட எடுக்க மாட்டீங்கல்ல?"

"பேசுனபடி கட்டுனா எடுக்க மாட்டோம்."

"மலாய்ல சொல்லு."

சொன்னார்.

"இங்கிலீஷ்ல?"

அதையும் சொன்னார். மேனேஜர் சிரிப்பை அடக்கச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப போடுறேன். வருசம் என்னோடதுதானே, நான் எங்க போகப் போறேன்" என்று சொல்லி அக்கா கையெழுத்துப் போட்டார்.

தொழிற்சாலை மறுபடி முழு நாள் ஓடத் தொடங்கியதும், அக்கா மாதா மாதம் தவணையோடு பத்தோ இருபதோ வெள்ளிப் பணம் கூடுதலாகக் கொண்டுபோய், அசலில் கழித்தாயா என்று அந்தப் பையனைக் கேட்டுக் கேட்டு வதைத்தார். அந்தப் பையனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது மகிழ்ந்திருப்பார் என்று நினைத்தேன். வரிசைக்கு வந்து அக்கா கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பேங்க் சொன்ன காலத்துக்கு முன்பே அக்கா கடனை அடைத்துவிட்டதாகப் பின்னாளில் கேள்விப்பட்டேன். நான் அப்போது அங்கே இல்லை.

எனக்கு ஞாபகத்தில் நிற்பது கையெழுத்துப் போட்ட அந்தப் பிற்பகல்தான். வீட்டுக்கு வந்தவர் கதவைத் திறந்து போட்டபடி, வெறும் சிமெண்டுத் தரையில், சேலையைக்கூட மாற்றாமல் படுத்துத் தூங்கிப்போனார். மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "நோட்டீசுன்னு சொன்ன நாள்லருந்து கண்ண மூடல அது" என்றார். அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

பந்து விளையாடிய பிள்ளைகளை யாரோ அடுத்த தெருவுக்கு விரட்டினார்கள். எதிர்வீட்டில் மிளகாய் இடிப்பதை நிறுத்தினார்கள். நானும் என் வீட்டுக்குள் போய் ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா வாசலைத் தாண்டி நடந்தேன்.