இரவல் போன இரண்டு சஹன்கள்

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் மச்சான் இஹ்ஸான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பைப் பொறுத்தவரையில் நாங்கள் அனைவரும் சுகம். மற்றவற்றைக் கீழே எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பின், இரண்டு நாள் யோசனைக்கும், உங்கள் தங்கை நஸ்ரியாவின் எழுத்தில் கொண்டுவர முடியாத ஆட்சேபத்திற்கும் பிறகு, எங்கள் வீட்டுச் சஹன்கள் மூன்றில் இரண்டை உங்கள் மகன் நுஸ்கிக்கு இரவல் கொடுப்பதென்று முடிவெடுத்தேன். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். முழுக் கப்பல்களை உள்ளே விடும் தாள்களில்கூட இவ்வளவு தயங்கிக் கையெழுத்திட்டதில்லை. கொழும்பில் தனித்தனிக் கோப்பையில் சாப்பிட்டுப் பழகிவிட்ட உங்களுக்கு நினைவூட்டுகிறேன்: சஹன் என்பது ஆறு பேர் வட்டமாக அமர்ந்து ஒன்றாகச் சாப்பிடும் தட்டு. ஐந்து பேர் அல்ல. அந்த ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்தான் என் மகளின் கலியாணம் இப்போது நிற்கிறது.

நுஸ்கி எடுக்கும் படத்தின் கதையை உங்களுக்கும் சொல்லியிருப்பான். வேற்றுக்கிரகவாசி ஒருவர் விண்கலத்தோடு உப்புவெளிக் கடலில் விழுகிறார், இரண்டு மடையர்கள் அவரைப் புதுவகை மீன் என்று நினைத்து ஏலத்துக்குக் கொண்டுபோகிறார்கள், அவர் தப்பி ஓடுகிறார், அதன்பிறகு துரத்துகிறார்கள். "இது சயன்ஸ் பிக்சன் கொமடி மாமா" என்றான். உலகத்தைக் காப்பாற்றுவது யார் என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்ல மாமா, அது தானாத் தப்பிடும்" என்றான். மடையர்களாக ஓட்டோ ஓட்டும் ஸஜ்ஜாத்தும் அவன் தம்பியும். அவர்களுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லையாம். வேற்றுக்கிரகவாசி, பாலையூற்று யோசேப்பின் மகன் மெல்ரோய். ஆறடி இரண்டு அங்குலம், முகத்திலும் கையிலும் கேக்குக்குப் போடும் பச்சை நிறம், வலது கையில் மரவள்ளிக்கிழங்கில் செதுக்கி ஒட்டிய ஆறாவது விரல். என் சஹன்கள் இரண்டையும் வாயோடு வாய் வைத்துக் கம்பியால் கட்டினால் அதுதான் விண்கலம். வியாழக்கிழமை திருப்பித் தருவதாகச் சொன்னான். வியாழக்கிழமை விண்கலம் கடலில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மூதூரிலிருந்து மாப்பிள்ளை இக்ராம் வீட்டார் நாள் குறிக்க வந்தார்கள். ஆண்கள் பதினெட்டுப் பேர், மூன்று சஹன் என்பது கணக்கு. வழியில் ஒருவருக்கு வாந்தி வந்து கிண்ணியாவில் இறங்கிவிட்டதால் வந்தவர்கள் பதினேழு. இருந்த ஒரு சஹனில் ஆறு பேரை அமர்த்திவிட்டு, மற்றவர்களோடு நான் கடல் நிலைமை பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, நஸ்ரியா குசினியிலிருந்து போனில் நுஸ்கியை ஏசிக்கொண்டிருக்க, வாசலில் ஓட்டோ வந்து நின்றது. நுஸ்கியும் நடிகர்கள் மூவரும் சஹன்களோடு படப்பிடிப்பின் நடுவிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். சஹன்களைக் கழுவிச் சோறு போட்டாயிற்று. மூன்றாவது சஹனில் ஐந்தே பேர். மாப்பிள்ளையின் பெரியவாப்பா முஹம்மது தம்பி அதில் இருந்தார். அவர் சொல் இல்லாமல் அந்த வீட்டில் ஆடுகூட விற்பதில்லை. "ஒராள் குறையுது, ஆறு பேர் இல்லாம எப்பிடிக் கை வைக்கிற?" என்றார். நானே அமர்ந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பெண்ணின் வாப்பா பரிமாறுகிறவன். அமர்ந்தால் மூதூர் முழுக்கக் கதைக்கும். சஹனுக்கு ஆள் குறைந்தால் வாசலில் நிற்பவனின் கையைப் பிடித்து இழுத்து வருவது நம் வழக்கம். அவன் யார் என்று பார்ப்பது வழக்கமல்ல. நான் கையை நீட்டி இழுத்தேன். பச்சையாக இருந்தது.

மெல்ரோய் நல்ல பிள்ளை, பெரியவர்கள் அழைத்தால் மறுக்கமாட்டான். சப்பாணி கட்டி அமர்ந்துவிட்டான். முஹம்மது தம்பி அவனை ஒரு நிமிடம் பார்த்தார். "தம்பிக்கு என்ன வருத்தம்?" "ஒண்டுமில்ல, நல்ல சுகம்." "முகமெல்லாம் பச்சையா இருக்கே?" "இன்னும் ரெண்டு நாளில போயிடும் எண்டவங்க." அவர் மனம் இளகி, இறைச்சித் துண்டுகளை அவன் பக்கம் தள்ளிவிட்டார். "இந்தப் புதினாச் சம்பல் நல்லா இருக்கு" என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். அன்று நாங்கள் புதினாச் சம்பல் செய்யவில்லை. பிறகு முஹம்மது தம்பி எதையோ கடித்து, நிதானமாக மென்று, "ஹிஸ்புல்லா, கிழங்கு இன்னும் கொஞ்சம் அவிஞ்சிருக்கலாம்" என்றார். நான் மெல்ரோயின் கையைப் பார்த்தேன். ஐந்து விரல்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் முத்திரை வாங்கியிருக்க மாட்டேன். ஜன்னலால் எட்டிப் பார்த்த உங்கள் மகனுக்கு, இவ்வளவு கூட்டம் இனி ஒருநாளும் அமையாது என்று பட்டிருக்கிறது. கமராவைத் தூக்கிக்கொண்டு, "ஓடுங்கடா, பிடிங்கடா!" என்றான். ஸஜ்ஜாத்தும் தம்பியும் வீச்சுவலையோடு ஒரே கதவால் ஒரே நேரத்தில் நுழைய முயன்று, கதவு நிலையைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்து வீசினார்கள். வலை அழகாக விரிந்தது. வேற்றுக்கிரகவாசி தப்பிக் குசினிப் பக்கம் ஓடினார். அங்கே நஸ்ரியா அகப்பையால் அடித்தாள். வலைக்குள் முஹம்மது தம்பியும் ஒரு சஹன் சோறும் இருந்தார்கள். "அது மீன் இல்லடா மடையா!" என்று ஸஜ்ஜாத் கத்தினான். அது படத்தில் அவன் பேசவேண்டிய வசனமாம். இக்ராம்தான் கத்தரிக்கோல் கேட்டு வாங்கிப் பெரியவாப்பாவை வெட்டி எடுத்தார். பெரியவர் தாடியிலிருந்து சோற்றைத் தட்டிவிட்டு, "நாள் குறிக்கிற கதை இப்ப வேணாம்" என்றார். ஐந்து நிமிடத்தில் வான் போய்விட்டது.

மகள் ரிஸ்லா என்னிடம் கடைசியாகச் சொன்னது, "நீங்கதானே வாப்பா சஹனைக் குடுத்தீங்க" என்பது. வெள்ளிக்கிழமையிலிருந்து என் முன்னால் தேநீரை வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது மச்சான். ஆகவே, உங்களுக்கு நெஞ்சுவலி என்றோ வீடு இடிந்துவிட்டது என்றோ சொல்லி, நுஸ்கியை நாளைக் காலை பஸ்ஸில் கொழும்புக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவன் இங்கே இருக்கும்வரை நான் மூதூர்ப் பக்கம் முகம் காட்ட ஏலாது.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும், நுஸ்கி நீங்கலாக, எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தையும், எங்கள் வீட்டில் கொஞ்சம் அமைதியையும் தருவானாக.

இப்படிக்கு,
ஹிஸ்புல்லா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் முஹம்மது தம்பி போனில் பேசினார். நுஸ்கி மூதூருக்கே போய்ப் படத்தைக் காட்டியிருக்கிறான். "ஹிஸ்புல்லா, வலை சரியா விழல்ல, என்ட முகமே தெரியுதில்ல. திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கன்" என்றார். அவருக்கு இப்போது கடைசிவரை வரும் பாத்திரமாம். நிக்காஹ்வுக்கும் நாள் சொல்லிவிட்டார்: படப்பிடிப்பு முடிந்து வரும் முதல் வெள்ளிக்கிழமை. ரிஸ்லா பேசத் தொடங்கிவிட்டாள். நுஸ்கியை அழைக்க வேண்டாம். படம் ஒன்றரை மணித்தியாலம். இரண்டு மாதத்தில் பதினொரு நிமிடம் எடுத்திருக்கிறான்.