மீன் போட்ட போர்டும் மாப்பிள்ளை வீட்டாரும்

சங்கரன்கோவில்,
18-8-1983

திருச்சபைப் பத்திரிகையின் மாட்சிமை பொருந்திய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, பஸ் ஸ்டாண்டு ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சௌந்தரபாண்டியன் தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு கர்த்தர் கிருபையால் எல்லாரும் சுகம். தாங்களும் அச்சுக் கோப்பவர்களும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நிற்க. மீன் அடையாளம் பற்றித் தாங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்தேன். 'இயேசு கிறிஸ்து, தேவகுமாரன், இரட்சகர்' என்பதைக் கிரேக்கத்தில் எழுதி முதலெழுத்துகளைச் சேர்த்தால் அந்தப் பாஷையில் மீன் என்று வருமாம். ரோமர்கள் உபத்திரவப்படுத்திய காலத்தில் ஒரு விசுவாசி மண்ணில் வளைவாக ஒரு கோடு போட, எதிரே நிற்பவரும் விசுவாசியானால் இன்னொரு வளைவைப் போட்டு மீனாக்குவார் என்று சொல்வார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உபத்திரவம் இல்லாத ஊரில் ஒளிப்பானேன் என்று மறுநாளே பெயிண்டரைக் கூப்பிட்டுக் கடை போர்டில் மீன் போடச் சொன்னேன். அவர் ஆர்வக்கோளாறில் மீசை வைத்துக் கெளுத்தி மீனாகவே முடித்துவிட்டார்.

அது ஆடித்தபசு நேரம். ஊரே விரதத்தில் இருக்கிறது. கருவாடு விற்கிற கடையில் பருப்பு வாங்கமாட்டோம் என்று வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். பக்கத்துக் கடை பிச்சையாவிடம் கிரேக்கம் முழுவதையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, அதெல்லாம் சரிதான். நெய்மீன் எப்ப வரும்?" என்றார்.

இதுவாவது போகட்டும். என் மகள் ஞானபூரணத்தைப் பெண் பார்க்க சாயர்புரத்திலிருந்து வந்தவர்களை, "மீன்கடை அண்ணாச்சி வீடா?" என்று கேட்டு யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் உட்கார்ந்தும் உட்காராமலும், "பலசரக்குன்னுல்லா தரகர் சொன்னாரு" என்றார். நான் ரோமாபுரியிலிருந்து ஆரம்பித்தேன். அவர் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். என் மனைவி தங்கப்பழம் என்னைப் பார்த்த பார்வையைத் திருச்சபைப் பத்திரிகைக்கு எழுத இயலாது.

அப்போது மகள் காப்பி கொண்டுவந்தாள். தட்டு சாய்ந்து மேஜையில் கொஞ்சம் சிந்திவிட்டது. தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை ராஜதுரை, சிந்திய காப்பியில் விரலை வைத்து மெல்ல ஒரு வளைவு போட்டார். என் மகள் ஒரு கணம் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு எதிரே இன்னொரு வளைவு போட்டாள். மேஜையில் மீன். அவள் சிரித்தாள்; அவரும் சிரித்தார். நான் அழுதேவிட்டேன். "பிள்ளையளே பேசி முடிச்சிட்டாவ. இனி நாம என்னத்தப் பேச?" என்று தகப்பனார் காப்பியை எடுத்துக் குடித்தார்.

தை மாதம் கல்யாணம். திட்டி எழுத எடுத்த பேனாவால் தங்களுக்கு நன்றி எழுதுகிறேன். தங்கள் வீடும் எழுத்தும் மேன்மேலும் பெருகக் கர்த்தர் அருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள சந்தாதாரர்,
சௌந்தரபாண்டியன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன், இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்த மாப்பிள்ளை கடைக்கு வந்தார். நம் பத்திரிகையை எத்தனை காலமாக வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் பார்த்ததே இல்லையாம். "காப்பி வெள்ளைப் பேண்ட்டுல வடியப் பாத்துச்சு மாமா. விரலால அணை கட்டுனேன். அவ சிரிச்சா, நானும் சிரிச்சேன். எதுக்குன்னு இன்னும் தெரியல" என்கிறார். ஆகையால் இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து அச்சில் ஏற்றவேண்டாம். தங்கள் பத்திரிகை வந்ததும் முதலில் பிரிப்பவள் என் மகள்.