ஆடுகளுக்கு இடமில்லாத ஊர்

சைனிக்புரி,
செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி தம்பி சம்பந்தத்துக்கு அக்கா சகுந்தலா ஆசீர்வதித்து எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு மேலே போகலாம். கிருத்திகை விரதத்தன்று பொய் எழுதக் கை வரவில்லை. நீ இருக்கும் நாச்சாரம் கூப்பிடு தூரம்தான், போனில் பேசலாம். பேசினால் பிள்ளை ஜெயச்சந்திரன் காதில் விழும், அதனால் கடிதம்.

என் பிள்ளை ஊர்த்திட்டம் வரைகிறவன் என்பது உனக்குத் தெரியும். இப்போது அவன் கம்பெனிக்கு, ஏதோ பாலைவனத்தில் பெதூயின் என்னும் கூடாரவாசிகளுக்கு ஊர் அமைத்துக் கொடுக்கும் வேலை வந்திருக்கிறது. அந்தப் பாலைவனம் முழுதும் என் சாப்பாட்டு மேஜைமேல் விரிந்து கிடக்கிறது. ரசப் பாத்திரத்தை வைத்தால் "அம்மா, அது பள்ளிக்கூடம்" என்கிறான். நகர்த்தினால் "அய்யோ, தண்ணித் தொட்டிம்மா" என்கிறான். கூடாரத்தில் இருந்தவர்களை மேஜைக்கு ஏற்றிவிட்டு, மேஜையில் சாப்பிட்டவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கம்ப்யூட்டரில் வருவார். அவர் அரபியில் சொல்வதை ஒரு பெண் இங்கிலீஷில் சொல்வாள்; பேப்பர் படித்தே நான் கற்ற இங்கிலீஷ் அதற்குப் போதும். முதல் நாளே "என் ஆடுகள் எங்கே?" என்றார். இவன் வரைந்ததெல்லாம் வரிசை வரிசையாக வீடு. ஆட்டுக்கு இடமில்லை, வந்த விருந்தாளி உட்கார இடமில்லை, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வம்சங்களை எதிரெதிர் வாசலில் குடிவைத்திருக்கிறான், நம் பாமா அத்தையையும் அவள் ஓரகத்தியையும் ஒரே அடுப்பங்கரையில் விட்ட மாதிரி. பெரியவரின் தம்பியை எட்டுத் தெரு தள்ளிப் போட்டுவிட்டான். "காலையில் காபி கொதித்தால் நான் யாரைக் கூப்பிடுவது?" என்றார் மனிதர். கதவோரம் நின்று கேட்ட நான் பிள்ளையைப் பார்த்தேன். இவன் மைக்கை அணைத்துவிட்டு, "காலப்போக்கில பழகிடும்மா" என்றான்.

"அவங்களைக் கேட்டியாடா?"

"கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்கம்மா."

அதோடு விட்டானா? ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒரு வரைபடம் நீட்டினான். இந்த வீட்டை விற்றுவிட்டு குகட்பள்ளியில் பதினாலாவது மாடிக்குப் போகிறோமாம். துளசி மாடம் எங்கேடா என்றால் பால்கனியில் தொட்டி என்கிறான். என் முருங்கை என்றால், "நக்கோம்மா, கம்பளிப்பூச்சி" என்று இந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம் என்கிறான். சரி, பெண்டாட்டியையாவது கேட்டானா என்று மருமகள் பிந்துவைப் பார்த்தேன். "நன்னு எவரு அடிகாரு அத்தய்யா?" என்றாள். என்னை யார் கேட்டார்கள் என்று அவளும் தன் பாஷையில் கேட்கிறாள்.

அலுத்துவிட்டது தம்பி. கந்தர் சஷ்டிக் கவசம் சொல்லும்போதுகூட நடுவில் ஆடு வருகிறது. நீ தாய்மாமன், காது குத்தியபோது அவனை மடியில் வைத்திருந்தவன். நீ சொன்னால் கேட்பான். ஒருநாள் வந்து, "குடியிருக்கிறவங்களைக் கேட்காம யாரையும் இடம் மாத்தாதேடா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.

உன் மொட்டைமாடிப் புறாக்களை விசாரித்ததாகச் சொல். வேலும் மயிலும் உனக்கு வழித்துணையாக வரட்டும்.

உன் அக்கா,
சகுந்தலா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் இங்கே கதை மாறிவிட்டது. பெரியவர் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். வீடு வீடாகக் கேட்டுவிட்டு வரை என்று கம்பெனியும் சொல்லிவிட்டதாம். பிள்ளை வந்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டான். வீட்டை விற்கவில்லை. ஆகையால் நீ பேச வரவேண்டாம், சாமானோடு வா. உன் பெண்டாட்டி காலமானபிறகு உனக்கு அங்கே தனியாக என்ன வேலை? இங்கே காலையில் காபி கொதித்தால் நான் யாரைக் கூப்பிடுவது? மாடி அறையை உனக்கென்று நானே வரைந்துவிட்டேன், கட்டில் கிழக்குப் பக்கம். வெள்ளிக்கிழமை டெம்போ வரும். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் நீ ஒன்று சொல்வாய். புறாக்களுக்கு இடம் வரையவில்லை. காலப்போக்கில் பழகிவிடும்.