உங்கள் தங்கை எடுத்த அளவு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் தங்கை நலம், புதிதாக வந்திருக்கும் சைக்கிள் மிக மிக நலம். அங்கே தங்களின் நலமும் அக்காவின் நலமும் பிள்ளைகளின் படிப்பும் அறிய ஆவல். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தை வீணாக்குகிறார் என்று நினைப்பீர்கள். முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காகக் குழிக்குள் நின்றுகொண்டு எட்டாவது மாடியில் இருப்பவனோடு பேசிய தொண்டை இது. எனக்கு மெதுவாகப் பேச வராது. எங்கள் கூடத்துக்கும் உங்கள் தங்கையின் தையல் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நான் சொல்லப்போவது அவள் காதில் விழவே கூடாது.

மச்சான், நான் மலை ஏறும் சைக்கிள் ஒன்று சேர்த்துவிட்டேன். வாங்கினேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். சேர்த்தேன். ஃபிரேம் தனி, சக்கரம் தனி, பிரேக் தனி என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பட்டறையில் கொடுத்துப் பூட்டச் சொல்லி, ஒரு மாசம் தூக்கமில்லாமல் அலைந்து சேர்த்தேன். ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே ஏற்றி இறக்கியே ஓய்வு பெற்றவன் நான். எல்லாம் கம்பியும் மோட்டாரும் பார்த்த வேலை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மலையின் உச்சிக்கு ஒரு தடவையாவது என் சொந்தக் காலால் மிதித்துப் போக வேண்டும் என்று ஓய்வு பெற்ற அன்றே மனசுக்குள் தீர்மானம் போட்டுவிட்டேன். இதை உங்கள் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பயம். இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்துக்கொண்டு, மருத்துவர் சொன்னதாக நடுவில் ஒரு பொய்யும் சேர்த்து, கடைக்குள் போய் நின்றேன். அவள் வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு யாருடைய ரவிக்கையையோ பார்த்துக்கொண்டிருந்தாள். "மலை ஏற ஒரு சைக்கிள்" என்றேன். ஊசிகளை எடுத்துவிட்டு, "ஃபிரேம் ஸ்டீலா, அலுமினியமா?" என்றாள். பொய்யைச் சொல்லக்கூட எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அடுத்த நாளே கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு கிளம்பிவிட்டாள். சைக்கிள் பட்டறைக்காரருக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில்தான் பதில் சொல்வார். டீக்கடை எங்கே என்று கேட்டால்கூட அப்படித்தான் சொல்வாரோ என்று பயந்து நான் கேட்கவில்லை. சுவரில் ஃபிரேம்களாகத் தொங்குகின்றன. எனக்கு ஸ்டீல்தான் நம்பிக்கை, ஏனென்றால் ஸ்டீல் உடைவதற்கு முன்னால் வளைந்து சொல்லிவிட்டு உடையும். கார்பன் என்று ஒன்றைக் காட்டினார். விரலால் தட்டினேன், பிளாஸ்டிக் வாளிச் சத்தம் கேட்டது, வைத்துவிட்டேன். உங்கள் தங்கை எதையும் தட்டவில்லை. ஒவ்வொன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறைக்குள் நாலு நடை நடந்து பார்த்தாள். "ஸ்டீல் வேண்டாங்க. மேட்டுல தூக்கிட்டு நடக்கும்போது தோள் போயிடும், அலுமினியத்தையே எடுங்க" என்றாள். என் தோளுக்காக இப்படி ஒருத்தி கவலைப்படுகிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டீலை அந்த இடத்திலேயே கைவிட்டேன்.

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன், மச்சான். மில்லிமீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு, "சார், நேரா நில்லுங்க, அளவு பார்த்துடறேன்" என்றார். உங்கள் தங்கை, "அளவெல்லாம் எடுத்தாச்சு" என்று கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். முந்தின நாள் என்னைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துத் தோள், கை, கால் எல்லாம் அவள்தான் அளந்திருந்தாள். அவர் சீட்டைப் பார்த்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார். "கால் உள்பக்கம் இருபத்தெட்டு அங்குலம்னு போட்டிருக்கே, இது சாரோட அளவுதானா?" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க? முப்பது வருஷமா டேப் பிடிக்கிற கை அது. ஒரு நூல் கூடினது இல்லை, குறைஞ்சது இல்லை. அந்தச் சீட்டுல என்ன இருக்கோ அதுதான் என் கால்!" என்று ஒரு சத்தம் போட்டேன். மில்லிமீட்டர் வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டார். உங்கள் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்காக நான் ஒரு ஆளோடு சண்டைக்குப் போனது அன்றைக்குத்தான், அதில் வெட்கப்பட்டுவிட்டாள் பாவம்.

பிறகு எல்லாமே அவள் கையில்தான். ஹேண்டில்பார் அகலம் என்று சொல்லி இரண்டு பக்கமும் இருபது இருபது மில்லிமீட்டர் வெட்டச் சொன்னாள். நான் டயர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததால் தன் தோளிலேயே வைத்து அகலம் பார்த்தாள். முன்னால் மூன்று பல்சக்கரம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "முன்னால ஒண்ணு போதுங்க, பின்னாலதான் பன்னிரண்டு இருக்கே. ஏத்தத்துல எதை மாத்தறதுன்னு யோசிக்கிறதுக்குள்ள கால் நின்னுடும்" என்றாள். மில்லிமீட்டரே அவளைப் பார்த்துத் தலையாட்டினார். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கடைக்கு வர்றவங்க பேசுவாங்க" என்றாள். பிரேக்கில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. லிஃப்டில் கரண்ட் போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். சைக்கிளில் விரலை எடுத்தால் பிரேக் விட்டுவிடுகிறது. இது தலைகீழ் நியாயம் இல்லையா என்று அரைமணி நேரம் வாதாடினேன். "சார், விரல் இருக்கிற வரைக்கும் பிரேக் இருக்கும்" என்றார் அவர். கடைசியில் ஆயில் பிரேக்குக்குச் சம்மதித்தேன். ஒற்றை விரலால் தொட்டாலே சக்கரம் கப்பென்று நிற்கிறது மச்சான், தொட்டுப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. உங்கள் தங்கை, "பிரேக் பிடியை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க, விரல் எட்டணும்" என்றாள். என் விரல் ஒவ்வொன்றும் ஸ்க்ரூடிரைவர் நீளம். இருந்தாலும் அக்கறையில் சொல்கிறாள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உட்காருகிற சீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் மண்டை வெடித்துவிடும். ஹேண்டில்பாரில் ஒரு சின்ன விசை. அதை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் சீட் கீழே போகிறது. எழுந்து மறுபடி அமுக்கினால் சொய்ங்கென்று மேலே வருகிறது. இறக்கத்தில் சீட் காலுக்கு நடுவில் இடிக்காமல் இருப்பதற்காம். எதற்காக இருந்தால் என்ன? மச்சான், அது லிஃப்ட்! என் லிஃப்ட்! ஒரு ஆள் லிஃப்ட்! பட்டறையிலேயே முப்பது நாற்பது தடவை ஏறி இறங்கினேன். மில்லிமீட்டர், "சார், அதுக்கும் ஒரு ஆயுசு இருக்கு" என்று கெஞ்சினார். டயரில் ட்யூப் கிடையாது, உள்ளே பால் மாதிரி ஒன்றை ஊற்றுகிறார்கள், முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் ஒரு சாண் அமுங்கி எழுகிறது. நிறம் மட்டும் நான் லிஃப்ட் கதவு மாதிரி சாம்பல் கேட்டேன். உங்கள் தங்கை மயில்கழுத்து நிறம்தான் என்று முடித்துவிட்டாள். வந்த பிறகு பார்த்தால், அவள்தான் சரி. அவ்வளவு அழகு.

திங்கட்கிழமை வண்டி வந்தது. கூடத்தில் பழைய போர்வையை விரித்து நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. சீட்டை எட்டிய மட்டும் தூக்கினேன். அப்போதும் முட்டி நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து என்னை நலம் விசாரித்துவிட்டுப் போகிறது. பிள்ளைகளின் மூன்று சக்கர வண்டியில் பெரிய ஆள் உட்கார்ந்த கதைதான். உங்கள் தங்கை வாசலில் நின்றுகொண்டு, "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள். "அருமை" என்றேன். மூன்று நாளாக அருமை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று அவளுக்குத் தெரியாமல் பட்டறைக்குப் போய் விசாரித்தேன். சைக்கிளுக்குக் கால் அளப்பது தொடை இடுக்கிலிருந்து தரை வரைக்குமாம். கால்சட்டை தைக்கிறவர்கள் கணுக்காலோடு நிறுத்திவிடுவார்கள். உங்கள் தங்கை பழக்க தோஷத்தில் கால்சட்டைக்கு அளப்பது போலவே அளந்து எழுதிவிட்டாள். அதுதான் நடந்தது. எனக்குப் பெரிய ஃபிரேம் வேண்டும். டயர் மண்ணில் இறங்காமல் இருந்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் மாற்றித் தருகிறேன் என்று மில்லிமீட்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார். நானும் வண்டியைப் போர்வையை விட்டு இறக்கவே இல்லை. இன்று காலையில் டயரில் கொஞ்சம் செம்மண் ஒட்டியிருந்தது, பட்டறையிலேயே ஒட்டியிருக்கும், துடைத்துவிட்டேன்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை, மச்சான். உன் அளவு தப்பு என்று அவளிடம் யார் சொல்வது? போன வருஷம் யாரோ ஒரு அம்மா கை இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனதற்கு இரண்டு நாள் டேப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஆசைப்பட்ட ஒரு விஷயத்தில் அவள் இவ்வளவு ஆசையாகக் கலந்துகொண்டது இதுதான் முதல் தடவை. இந்த ஒரு மாசம் நாங்கள் பேசிய பேச்சு, இத்தனை வருஷமாகப் பேசாத பேச்சு. ராத்திரிச் சாப்பாட்டில்கூடச் செயின்தான், டயர்தான். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. கெடுப்பதைவிட முட்டியை இடித்துக்கொண்டே மலை ஏறிவிடலாம் என்றுகூட இருக்கிறது. நீங்கள் முப்பது வருஷம் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர், உங்கள் வார்த்தைக்கு அவள் மறுவார்த்தை பேசமாட்டாள். சனிக்கிழமைக்குள் ஏதோ இந்தப் பக்கம் வந்தவர் மாதிரி ஒரு நடை வாருங்கள். சைக்கிளைப் பாருங்கள். "அடடா, சைக்கிளுக்கு அளவு தரை வரைக்கும்மா, இது தையல்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமே இல்லை" என்று போகிற போக்கில் சொல்லுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் என் ஆசிகள், எல்லாப் பாடத்திலும் ஏறுமுகமாகவே இருக்கட்டும். உங்கள் முழங்கால் வலி தீர வேண்டிக்கொள்கிறேன். செயினுக்கு எண்ணெய் போட்ட கையோடு எழுதுவதால் ஓரத்தில் கறை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே கையால் கவரை ஒட்டினால் முகவரி தெரியாது. உங்கள் தங்கையிடமே கொடுத்து ஒட்டித் தபாலில் போடச் சொல்கிறேன். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

என்றும் தங்கள் அன்பிற்குக் கட்டுப்பட்ட,
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: அண்ணா, நான்தான். கவர் மேல "மிகவும் இரகசியம்"னு கொட்டை எழுத்துல எழுதி என்கிட்டயே கொடுத்தார். அதனாலதான் படிச்சேன்.

நீங்க வர வேண்டாம். அளவு தப்பே இல்லை. இருபத்தெட்டு என்னோட கால், தரை வரைக்கும் எடுத்தது. அவரோடது முப்பத்தொண்ணரை, அந்தச் சீட்டும் என்கிட்ட பத்திரமா இருக்கு. ஒரு வருஷமா மூணு பொண்ணுங்க சைக்கிள் ஓட்டற கால்சட்டையைத் திருத்தக் கடைக்கு வர்றாங்க. வாராவாரம் மலைக்குப் போயிட்டு வந்து அதையே பேசுவாங்க. நான் தைச்சுக்கிட்டே கேட்டுட்டு இருப்பேன். எனக்கும் போகணும்னு அவ்வளவு ஆசை. வாய்விட்டுக் கேக்கத்தான் வரலை. இவரே வந்து மலை ஏற சைக்கிள்னு சொன்னதும் விடுவேனா?

செவ்வாய்க்கிழமையிலிருந்து இவர் காலைல நடக்கப் போற நேரத்துல எடுத்துட்டுப் போறேன். இன்னைக்குப் பாதி மலை வரைக்கும் ஏறிட்டேன் அண்ணா. இறங்கும்போது கத்திட்டேன், பயத்துல இல்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்கு வேணும்னு நேரா கேட்டிருக்கலாமேன்னு சொல்வீங்க. கேட்டிருந்தா மறுநாளே ரொம்ப அக்கறையா, முன்னால கூடை வச்ச சைக்கிள் ஒண்ணு வாங்கிட்டு வந்து நிறுத்தியிருப்பார். தனக்குன்னு நினைச்சதாலதான் ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு மாசம் அலைஞ்சார். ஆனா என் அளவு தப்புன்னு என்கிட்ட சொல்ல மனசு வராம முட்டியை இடிச்சுக்கிட்டு அருமை அருமைன்னு உக்காந்திருக்காரே, அதைப் படிச்சதும் அழுகை வந்துடுச்சு. இன்னைக்கே உண்மையைச் சொல்லிடறேன்.

அவருக்கும் ஒண்ணு சேர்க்கச் சொல்லி மில்லிமீட்டர்கிட்ட பேசிட்டேன். இந்தத் தடவை எல்லாம் நானே பார்த்து எடுக்கறேன். சாம்பல் நிறம், ஏறி இறங்கற சீட்டு, பெரிய ஃபிரேம். முன்னால கூடை வைக்கறதா வேண்டாமான்னுதான் யோசிச்சிட்டு இருக்கேன்.